வேலியில் நின்ற பழம்

பங்குனி வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார் அத்தை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இறங்கி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் அவர்கள் தோட்டம். மல்லியும் உளுந்தும் அறுவடையாகி, சுற்றுக் காடெல்லாம் வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. நடுவே பச்சையாக நிற்பவை கொடுக்காப்புளி மரங்கள் மட்டும்தான். என் கையில் தொரட்டியும் ஓலைப்பெட்டியும் கொடுத்துவிட்டு அத்தை சொன்னார்: “பழுத்ததத் தேடாதய்யா, வெடிச்சதப் பாரு.”

அந்த மரத்துக்கு அதுதான் கணக்கு. தேள் கொடுக்குபோலச் சுருண்ட காய் முதலில் பச்சையாக இருக்கும். பிறகு மேல்தோலில் சிவப்பு ஏறும். முற்றியதும் ஓரம் பிளந்து வெள்ளைச் சுளை வெளியே தெரியும்; சில மரங்களில் ரோஜா நிறத்தில் இருக்கும். பிளக்காததைப் பறித்தால் துவர்த்துத் தொண்டையைக் கட்டும். பிளந்ததை விட்டுவைத்தால் கிளியும் அணிலும் முந்திக்கொள்ளும். இலைக்காம்படியில் இரட்டை இரட்டையாக முள் இருப்பதால் கையை விட்டுப் பறிக்க முடியாது. கொக்கியைக் காம்பில் மாட்டி ஒரு முறுக்கு முறுக்கி இழுக்க வேண்டும். முதல் சுளையை வாயில் போட்டபோது பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்ற பாட்டியின் சாக்கு விரிப்பு நினைவுக்கு வந்தது. கொட்டையின் கருந்தோலை நகத்தால் சுரண்டி எடுப்போம். உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் கீறாமல் எடுத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று நம்பினோம்.

இவ்வளவு நம் ஊர்க்காரனாகத் தெரியும் இந்த மரம் பிறந்தது மெக்சிகோவிலும் அதை ஒட்டிய நடு அமெரிக்க நாடுகளிலும். அங்கே நாவாட்டில் மொழி பேசிய மக்கள் வைத்த பெயர், ஸ்பானியர் வாயில் ‘குவாமூச்சில்’ ஆனது. 1565-ல் உர்தனேட்டா என்ற மாலுமித் துறவி பிலிப்பைன்சிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல்வழியைக் கண்டார். அன்று தொடங்கி 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுகள், அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெருங்கப்பல்கள் ஓடின. மெக்சிகோ வெள்ளி மணிலாவுக்குப் போனது. சீனப் பட்டு எதிர்த்திசையில் வந்தது. சப்போட்டா ஆசியாவுக்கு வந்ததும் அந்த வழியில்தான். குவாமூச்சிலும் அப்படியே பிலிப்பைன்சில் இறங்கி ‘கமச்சிலே’ ஆனது.

மணிலாவுக்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் இடையே நெருங்கிய வணிகம் இருந்தது. இந்தக் கரையின் நெசவாளர்கள் நெய்த துணி மணிலாவுக்குப் போனது. அதற்கு ஈடாக வெள்ளி வந்தது. அந்த வணிகத்தில் பொருள் சேர்த்து மணிலாவிலிருந்து சென்னைக்கு வந்தவர் ஆர்மீனியரான கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் அவர் கட்டிய பாலம் இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. அதே வணிக வழியில் கடல் கடந்து கொடுக்காப்புளி விதையும் நம் கரைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் இதை ‘மணிலா புளி’ என்றும் ‘மெட்ராஸ் முள்’ என்றும் சொல்வார்கள். வந்த துறைமுகம் ஒரு பெயரில் இருக்கிறது, வாழ வந்த ஊர் இன்னொன்றில் இருக்கிறது.

1798-ல் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பற்றிய தம் படநூலில் இதற்கு ‘மிமோசா டல்சிஸ்’ என்று பெயரிட்டார். டல்சிஸ் என்றால் இனிப்பு. 1844-ல் ஜார்ஜ் பெந்தம் இன்றுள்ள ‘பித்தசெல்லோபியம் டல்சி’ என்ற பெயருக்கு மாற்றினார். முன்பாதியின் பொருள் குரங்குக் கம்மல். சுருண்டு தொங்கும் காயைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் குறை சொல்ல மாட்டார்கள். தெலுங்கர் இதைச் ‘சீம சிந்த’ என்கிறார்கள், அதாவது சீமைப் புளி. தாய்லாந்திலும் வெளிநாட்டுப் புளி என்றே பெயர். தமிழோ சீமை என்ற ஒட்டைப் போடாமல், கொடுக்காப்புளி, கோணப்புளி என்று காயின் வளைவைப் பார்த்துப் பெயர் வைத்துத் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது.

ஆனால் பிள்ளையை வீட்டுக்குள் விடவில்லை; வேலியில் நிறுத்தினோம். முள் இருப்பதால் ஆடுமாடு புகாது. வெட்டினால் திரும்பத் தழையும். வறட்சியில் தழை ஆட்டுக்கு ஆகும், கட்டை அடுப்புக்கு ஆகும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். குண்டாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகவே கிடக்கும் திருச்சுழிப் பக்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழையை மட்டும் நம்பி நிற்கும் மரத்துக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

அதே அமெரிக்க மண்ணிலிருந்து இன்னொரு முள்மரமும் இங்கே வந்தது. சீமைக் கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக அதைத் தருவித்தார்கள். இன்று கண்மாயும் தரிசும் அதன் வசம். அதை அகற்றக் கோரிய வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும் அது இடத்தைப் பிடித்துக்கொண்ட மரம். கொடுக்காப்புளியோ கொடுத்த இடத்தில் நின்று, முள்ளுக்கு நடுவே பழமும் தந்த மரம்.

இப்போது அது வேலியை விட்டு உள்ளே வருகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி இதில் தேர்ந்த ரகம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. விதை போட்டு வளர்த்த மரத்தில் இனிப்பு வருமா துவர்ப்பு வருமா என்று காய்க்கும்வரை தெரியாது. நல்ல மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்று தாய் மரத்தின் ருசியைக் கொண்டுவரும். இதைத் தெரிந்துகொண்டு அருப்புக்கோட்டை வட்டார விவசாயிகள் வரிசை பிடித்து நட்டுத் தோப்பாக வளர்க்கிறார்கள். அத்தை வீட்டு மரங்களும் அப்படி வந்த ஒட்டுக்கன்றுகள்தான்.

இடைஞ்சல் எல்லாம் பறித்த பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாளில் சுளையின் பளபளப்பு போய்விடும், சாறு வற்றிவிடும். முள்ளுக்குள் ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதும் அரிது. “சந்தைக்குக் கொண்டுபோறதுக்குள்ள பாதி ருசி போயிருது. வந்து மரத்தடியில நின்னு தின்னாத்தான் இது பழம்” என்றார் அத்தை. இரண்டு பெருங்கடலை விதையாகத் தாண்டிய இந்த மரத்துக்கு, கனியாகப் பக்கத்து மதுரைக்குப் போவதே பெரும்பாடாக இருக்கிறது.

அதனால் நாம்தான் போக வேண்டும். மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் தோட்டத்தில் தாங்களே ஸ்ட்ராபெரி பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வருகிறார்கள். நல்ல வழக்கம்தான். பறிப்பவர் கைக்குப் புதுப் பழம், விவசாயிக்கு இடைத்தரகு இல்லாத காசு. கரிசல் காட்டுக் கொடுக்காப்புளித் தோப்புக்கும் அது அப்படியே பொருந்தும். தாழ்ந்த கிளைகளை வருகிறவர்களுக்கென்று விட்டுவைத்து, ஆளுக்கொரு தொரட்டி கொடுத்தால் போதும். இதற்குக் குளிர்ந்த மலையோ கண்ணாடிக் கூடமோ வேண்டியதில்லை.

மாசி பங்குனியில் திருச்சுழிக் கோயிலுக்கோ, ரமணர் பிறந்த வீட்டைப் பார்க்கவோ அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். சாலையோரத் தோப்பில் வண்டியை நிறுத்தி, தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் சொல்லும் விலையைக் கொடுத்து, பிளந்த காயாகப் பார்த்து அவர்கள் கையாலேயே பறிக்கச் சொல்லுங்கள். தின்ற பிறகு கொட்டைகளைத் துப்பிவிடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். உலகைச் சுற்றி இந்த மரம் நம்மிடம் வந்தது அந்தக் கருங்கொட்டைக்குள் இருந்துதான்.