தொட்டிச் செவ்வந்தியும் நச்சுக் கணக்கும்

சாணக்யபுரியின் சாந்தி பாதையில் 2023 பிப்ரவரியில் தூலிப் விழா நடந்தது. ஒரே உயரம், ஒரே வாரத்தில் மலர்ச்சி என்னும் ஒழுங்கு அங்கே வருவோரை மயக்குகிறது. அலங்காரச் செடி வணிகத்துக்கோ அதுவே உயிர்நாடி. தூலிப் கிழங்குக்குக் குளிரூட்டலே பெரும்பாலும் போதுமானது. தொட்டிச் செவ்வந்தியைக் குள்ளமாகவும் அடர்த்தியாகவும் நிறுத்த வேதிப்பொருள் தேவைப்பட்டது. அவ்வகை வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளின் தீங்கு எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பதே இப்பதிவின் பொருள்.

1926இல் தைவானில் குரோசவா, நெற்பயிரை அளவுமீறி நெடிது வளரச் செய்வது ஒரு பூஞ்சையின் சுரப்பு என்று காட்டினார். பின்னர் ஜிப்ரெல்லின் எனப் பெயர் பெற்ற அப்பொருளின் செயலைத் தடுப்பவையே இன்றைய குறுக்கிகளில் பல. குளோர்மெக்வாட்டின் விளைவை டோல்பர்ட் 1960இல் வெளியிட்டார். 1962இல் டாமினோசைட் அறிமுகமாயிற்று. மறு ஆண்டு அமெரிக்காவில் தொட்டிச் செவ்வந்திக்குப் பதிவு பெற்றது. 1968இல் அதுவே ‘அலார்’ என்னும் பெயரில் ஆப்பிள் தோட்டத்துக்குள் நுழைந்தது.

பின்னர் நடந்தவை நஞ்சியல் மாணவர் பலரும் அறிந்தவை. டாமினோசைட் சிதையும்போது, குறிப்பாகச் சூடேறும்போது, சமச்சீரற்ற டைமெத்தில் ஹைட்ரசீன் உண்டாகிறது. (அது ராக்கெட் எரிபொருள், நம் விகாஸ் எஞ்சினின் எரிபொருட் கலவையிலும் பெரும்பங்கு அதுவே.) 1970களில் பேலா டோத் சுண்டெலிகளில் நடத்திய சோதனைகள் இவ்விரு பொருள்களையும் புற்றுக்கட்டிகளோடு தொடர்புபடுத்தின. 1985இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடையை முன்மொழிந்தபோது, அதன் அறிவியல் ஆலோசனைக் குழு சான்றுகள் போதா என்றது. 1989 பிப்ரவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சி இதை நாடறியச் செய்தது. அவ்வாண்டிலேயே உற்பத்தி நிறுவனம் உணவுப் பயிர்களிலிருந்து மருந்தை விலக்கிக்கொண்டது. அச்சம் மிகைப்படுத்தப்பட்டதா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கு அதைவிடப் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றுவது வேறு. ஆப்பிளிலிருந்து வெளியேறிய டாமினோசைட் செவ்வந்தித் தொட்டியை விட்டு வெளியேறவில்லை; 1993இல் அலங்காரச் செடிகளுக்கு மட்டும் மறுபதிவும் பெற்றது.

மூலக்கூறு ஒன்றே, நச்சும் ஒன்றே; தீர்ப்பு மட்டும் இரண்டு. பூவை எவரும் உண்பதில்லை என்பதே அதன் அடிப்படை. நச்சுத்தன்மையோடு உட்கொள்ளும் அளவையும் சேர்த்தே தீங்கைக் கணிக்க வேண்டும் என்ற நெறியில் பிழையில்லை. ஆனால் உண்பவரை நீக்கியபின் கணக்கில் எஞ்சுபவர் மருந்தைக் கலக்கும் தொழிலாளியும், தெளித்த இடத்துக்குள் மீண்டும் நுழைபவரும்தாம். கையுறை, நீள்கை ஆடை, மறுநுழைவுக்கான காத்திருப்பு ஆகியவற்றை வைத்தே அவர்களுக்கான பாதுகாப்பு வகுக்கப்பட்டது. பசுமைக்குடிலுக்கு வெளியே பூவோடு வாழ்பவர் எவரும் அக்கணக்கில் முதன்மை பெறவில்லை.

இந்தியச் சட்டமும் சமையலறையின் வழியாகவே பிறந்தது. 1958இல் ஃபோலிடால் கலந்த உணவால் கேரளத்திலும் சென்னை மாகாணத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை நடந்தது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. குளோர்மெக்வாட்டும் பாக்லோபியூட்ரசாலும் இச்சட்டத்தின் கீழேயே பதிவாகின்றன. எஞ்சிய நச்சுக்கான உச்சவரம்பு உணவுப் பண்டங்களுக்கே வகுக்கப்படுகிறது. கூந்தலில் சூடும் சரத்துக்கு அவ்வரம்பு பொருந்தாது.

நம் நாட்டில் பூ வெறும் காட்சிப்பொருள் அன்று. ரோஜா இதழ் குல்கந்தாகி உண்ணப்படுகிறது. இறைவனுக்குச் சாத்திய மலர் பிரசாதமாகக் கண்ணில் ஒற்றப்படுகிறது. பூக்கட்டும் பெண்ணோ ஈர உதிரிப்பூவை வெறுங்கையால் மணிக்கணக்கில் தொடுக்கிறார். இடையே அதே கையால் தேநீரும் பலகாரமும் உண்கிறார். குளோர்மெக்வாட் நீரில் எளிதில் கரைவது. மின்னேற்றம் கொண்ட மூலக்கூறாதலால் தோலை எளிதில் ஊடுருவாது. ஆகவே இங்கு ஐயுறத் தக்க வழி தோலைவிடக் கையிலிருந்து வாய்க்குச் செல்லும் வழியே. எல்லா ஒழுங்குபடுத்திகளையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சுவதும் முறையன்று. ஜிப்ரெல்லிக் அமிலத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

குளோர்மெக்வாட்டின் அண்மை வரலாறு டாமினோசைட்டுக்கு நேரெதிர்த் திசையில் செல்கிறது. அமெரிக்காவில் அது நெடுங்காலம் அலங்காரச் செடிகளுக்கு மட்டும் உரியதாயிருந்தது. 2018இல் இறக்குமதி ஓட்ஸ் முதலியவற்றில் அதன் எச்சத்துக்கு இசைவு தரப்பட்டது. 2017 முதல் 2023 வரை சேகரித்த 96 பேரின் சிறுநீர் மாதிரிகளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வு, ஐந்தில் நான்கு பங்கு மாதிரிகளில் அதைக் கண்டது. கண்ட செறிவுகள் ஏற்கப்பட்ட வரம்புக்கு வெகு கீழே இருந்தன. எனினும், பூந்தொட்டிக்கென இசைவு பெற்ற பொருள் காலை உணவுக்குள் வந்துசேர்ந்துவிட்டது.

அவ்வாய்வின் முறையே நமக்கும் பயன்படும். குளோர்மெக்வாட் உடலில் நெடுநாள் தங்காமல், பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையிலோ தில்லி காஸிப்பூர் மண்டியிலோ பூக்கட்டுவோரிடம் வேலைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து, அன்று அவர்கள் தொடுத்த பூவைக் கழுவிய நீரையும் உடன் சோதித்தால், உணவின் வழியே வந்தது எது, பூவின் வழியே வந்தது எது எனப் பிரித்தறிய இயலும். ஒரு முனைவர் பட்ட ஆய்வின் எல்லைக்குள் அடங்கக்கூடிய வேலை இது.