திருவள்ளூரில் பிறந்த லான்சர்

2025 கடைசியில் என் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மிட்சுபிஷி லான்சர், 1.5 லிட்டர் பெட்ரோல், 2005 மாடல். அந்த ஆகஸ்டில்தான் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 10,000 ரூபாயாக உயர்த்தியிருந்தது. 2022க்கு முன்பு 15 வருஷம் முடிந்த காருக்கு இதே வேலை 600 ரூபாயில் முடிந்துகொண்டிருந்தது.

தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா கேட்டார்: "பத்தாயிரம் கட்டி இத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

என்னிடம் உடனே பதில் இல்லை. பதிலைத் தேடிப் போனபோது கிடைத்தது காரின் கதை மட்டுமல்ல, எங்கள் மாவட்டத்தின் கதையும்தான்.

நாங்கள் ஆர்.கே.பேட்டைக்காரர்கள். நைனா என்று நான் எழுதுவதிலேயே எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கமெல்லாம் ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. முன்நின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. அடுத்த வருஷம், 1998இல், அந்த மாவட்டத் தலைநகரின் பக்கத்திலிருந்து லான்சர் வெளியே வந்தது.

அதைச் செய்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ். 1942இல் பிர்லா குடும்பம் தொடங்கிய கம்பெனி. அம்பாசடர் கார் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரானது. திருவள்ளூரில் இவர்களுக்கு 1970களிலிருந்தே ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே மண் அள்ளும் இயந்திரங்கள் செய்தார்கள். அந்தப் பிரிவு 2000ஐ ஒட்டி அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. 1993இல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனபிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. மாருதி எஸ்டீம், ஓப்பல் ஆஸ்ட்ரா, ஹோண்டா சிட்டி, ஃபோர்டு ஐகான், ஹூண்டாய் ஆக்சென்ட் என்று ஐந்தாறு வருஷத்துக்குள் இந்தியத் தெருக்களுக்கு நடுத்தர செடான் என்றொரு புது ஜாதி வந்து சேர்ந்தது. அந்த வரிசையில் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு இந்துஸ்தான் மோட்டார்ஸ் இறக்கியதுதான் லான்சர்.

ஆனால் லான்சருக்கு மற்ற கார்களுக்கு இல்லாத ஒரு பூர்வீகம் இருந்தது. ஜப்பானில் இந்தப் பெயரில் முதல் கார் வந்தது 1973இல். அடுத்த வருஷமே கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலியில் அது ஜெயித்தது. ஓட்டியவர் ஜோகிந்தர் சிங், கென்யாவில் பிறந்த சீக்கியர். 1976இல் மறுபடியும் லான்சரிலேயே ஜெயித்தார். சேறு, கல், காட்டு மிருகம், புழுதி என்று நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் போகும் பந்தயம் அது. பிறகு லான்சர் எவல்யூஷனில் பின்லாந்தின் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். அதாவது, திருவள்ளூரில் லான்சர் தயாராகத் தொடங்கிய நேரத்தில் அந்தப் பெயர் உலகத்தின் உச்சியில் இருந்தது. எங்கள் லான்சர் எவல்யூஷன் இல்லை. அந்த இன்ஜினும் நாலு சக்கர இழுவையும் இதில் கிடையாது. ஆனால் அதன் தூரத்துச் சொந்தம்.

எங்கள் மாவட்டத்துக்கும் பந்தயம் புதிதல்ல. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வரும்வரை, பல பத்தாண்டுகள் சென்னைக்காரர்கள் கார் பந்தயம் பார்க்கப் போன இடம் அதுதான். பிறகு 2006இல் திருவள்ளூரிலிருந்து 2 லிட்டர் இன்ஜினோடு சீடியா வந்தபோது, அது இந்திய ராலிகளில் ஓடியது. எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் ஓட்டிய சீடியாவைப் பார்த்து வளர்ந்த பையன்களில் நானும் ஒருத்தன்.

அதனால்தான் 2014இல், சென்னையில் ஒருவரிடமிருந்து ஒன்றரை லட்சத்துக்கு இந்த லான்சரை வாங்கினேன். புதுக் காருக்கு முன்பணம் கட்டலாமே என்றார்கள். கேட்கவில்லை.

ஓட்டிப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். அந்தக் காலத்து செடான்கள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்தரம் சேர்த்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் ஆடும். லான்சரில் பின்சக்கரங்கள் தனித்தனி. ஒவ்வொன்றையும் பல கைகள் பிடித்திருக்கும். மல்டி-லிங்க் என்பார்கள். சோளிங்கர் பக்கத்து வளைவுகளில் வேகமாகத் திருப்பினாலும் பின்பக்கம் தரையைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே வரும். ஸ்டீயரிங்கில் சாலை பேசுவது கைக்குத் தெரியும்.

செலவும் அங்கேதான். அத்தனை கைகளின் முனைகளிலும் ரப்பர் புஷ் உண்டு. கல் குவாரி டிப்பர்கள் உடைத்துப்போட்ட சாலையில் அவை ஒவ்வொன்றாகத் தேயும். முதலில் ஒரு 'டொக்'. அப்புறம் நேராகப் போகும்போதே கார் லேசாக நெளியும். ஆறு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டினேன். கடைசியில் பின் டயர்கள் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. தப்பு என்னுடையது.

புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். புஷ்கள் கிடைத்தன, ஒன்றின் வெளிவளையம் மட்டும் அளவு சேரவில்லை. அதை அம்மையார்குப்பம் பக்கத்தில், விசைத்தறிக்குச் சாமான் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் பழசையும் புதுசையும் கையில் உருட்டிப் பார்த்தார். "தறிக்கும் இதே கததான் தம்பி. கம்பெனி போய்ட்டா நாமதான் கம்பெனி" என்றார். சாயங்காலம் வளையம் தயார்.

அவர் சொன்னது உண்மை. லான்சரும் சீடியாவும் 2010களின் தொடக்கத்தோடு நின்றுபோயின. 2014இல் உத்தரபாராவில் அம்பாசடரும் நின்றது. திருவள்ளூர் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இசுசூ வண்டிகள் தயாராயின. 2016இல் அவர்கள் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்துகொண்டார்கள். 2017இல் பிரான்சின் பி.எஸ்.ஏ. நிறுவனம் சி.கே. பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டது. 2021 முதல் அங்கிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. வங்காளத்துக் கம்பெனி, ஜப்பான்காரர், பிரெஞ்சுக்காரர் என்று பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாமல் இருப்பது சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஷிஃப்டுக்குப் போகும் ஆட்கள்.

என் சித்தப்பா அப்படிப் போனவர். தறியை விட்டுவிட்டு நாலு வருஷம் லான்சருக்குக் கதவு மாட்டிவிட்டு, மறுபடி தறிக்கே வந்தார். நான் காரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று ஊரே இன்ஜினைப் பார்த்தது. சித்தப்பா மட்டும் நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். பின்பக்க இடது கதவில் நின்று, "இது அப்புறமா கயட்டி மாட்டியிருக்காங்க" என்றார். விற்றவரிடம் போனில் கேட்டேன். உண்மைதான், ஒருமுறை இடிபட்டிருக்கிறது.

"எத்தினி ஆயிரம் மாட்டியிருப்பேன். இதுல உக்காந்து ரோட்டுல போனதே இல்லடா" என்றார். அன்று திருத்தணிவரை போய் வந்தோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம். காவடிகளுக்கு நடுவில் கார் நத்தையாக ஊர்ந்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பத்தாயிரத்தைக் கட்டிவிட்டேன். இன்னும் ஐந்து வருஷம். நைனாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரே கைத்தறிக் காலத்து நாடா ஒன்றை இன்னும் பரணில் வைத்திருப்பது ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் சித்தப்பாவோடு திருவள்ளூர் போனபோது, புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று எங்களைக் கடந்தது. தலையைத் திருப்பி அது மறையும்வரை பார்த்தார்.

"கதவு சத்தம் எப்டி வெச்சிருக்காங்கனு ஒருநாளு போய்க் கேக்கணும்" என்றார்.