வீதிக்கு வந்தவர்கள்: கிரான் வட்டாரத்தில் கலவரமும் கிளர்ச்சியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனை நோக்கிப் போகும் பெருவீதியில் சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரும். அந்த வரிசையில்தான் கிரான். வீதியோரத்துக் கிரான் சிறியது. ஆனால் அதன் பெயரைத் தாங்கிய கோறளைப்பற்று தெற்குப் பிரதேசம் மேற்கே மிக நீண்டு கிடக்கிறது. வயல், ஆறு, குடும்பிமலைக் காடு, அதற்கும் அப்பால் மேய்ச்சல் வெளி, பிறகு பொலன்னறுவை மாவட்ட எல்லை. மாரியில் வெள்ளம் ஏறினால் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி நீருக்குள் போய்விடும்; மேற்குப்புற ஊர்களுக்கு வள்ளத்தில்தான் போகவேண்டும். இந்த வட்டாரத்தின் கலவரங்களையும் கிளர்ச்சிகளையும் விளங்கிக்கொள்ள இந்த நிலவமைப்பு மனதில் இருக்கவேண்டும்.

கூட்டம் என்பதை முகமற்ற வெறியாகவே வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ரூடே. கூட்டத்தில் நின்றவர் யார், என்ன தொழில் செய்தவர், எதைக் கேட்டார் என்று அவர் தேடினார். ஈ. பி. தொம்சன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தானிய விலைக்காக எழுந்த கலகங்களுக்குள் நியாய விலை பற்றிய தெளிவான அறம் ஒன்று இருந்ததைக் காட்டினார். இலங்கையில் அதற்கு மிக நெருக்கமான நிகழ்வு 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால். பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதும் நாடு நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். மேற்கு, தெற்குக் கரையோரங்களில் இருந்த கொதிப்பு கிழக்கில் அதே அளவில் இல்லை. நெல்லை விலைக்கு வாங்குகிற ஊருக்கும் நெல்லை விளைவிக்கிற ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. கோறளைப்பற்றை வீதிக்குக் கொண்டுவந்தது அரிசி விலை அல்ல, நிலம். மொழியின் பெயரில் தொடங்கியவை, போரின் பெயரில் நடந்தவை என்று நாம் பிரித்துப் பார்க்கும் பல நிகழ்வுகளின் அடியிலும் நிலப் பிரச்சினையே கிடக்கிறது.

1956 ஜூன் 5 அன்று தனிச்சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டார்கள். ஆனால் பேரழிவு நடந்த இடம் கொழும்பு அல்ல, கல்லோயா. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிக்கப்பட்டது. அதுவரை கல்லோயாப் பள்ளத்தாக்கு மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தது. டி. எஸ். சேனநாயக்க 1949இல் தொடக்கிவைத்த அந்தக் குடியேற்றத் திட்டத்தில் வேலைக்கும் காணிக்குமாக வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் அருகருகே வாழ்ந்தார்கள். சிங்களப் பெண் ஒருத்தியைத் தமிழர் மானபங்கம் செய்துவிட்டார்கள் என்ற பொய்க் கதை பரவியது. திட்டத்துக்குரிய வாகனங்களே கொலைகாரரை ஏற்றிக்கொண்டு போயின. கொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு, பெரும்பாலானோர் தமிழர்.

வதந்தியின் இந்த ஆற்றல் இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. 1789 கோடையில் பிரெஞ்சுக் கிராமங்களில், கொள்ளைக்காரர் படை வருகிறது என்ற பயம் ஊர் ஊராகப் பாய்ந்ததை ஜார்ஜ் லெபேவர் ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிரான்சில் பயந்த உழவர் பல இடங்களில் பிரபுவின் மாளிகைக்குள் புகுந்து கடமைப் பத்திரங்களை எரித்தனர். கோபம் மேல்நோக்கிப் போனது. கல்லோயாவில் அது பக்கத்துக் காணிக்காரன் மீது போனது. கலவரத்துக்கும் கிளர்ச்சிக்கும் நடுவே கோடு போடவேண்டுமானால் நான் இங்கேதான் போடுவேன்: கோபம் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதில்.

1958 கலவரத்துக்கும் நிலமே பின்னணி. 1957 ஜூலையில் கையெழுத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குத் தருவதாகச் சொன்னது. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த தமிழ்க் குடும்பங்களைப் பதவியாவில் குடியேற்றும் யோசனைக்கும் எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. மே மாத இறுதியில் வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசு மாநாட்டுக்குப் போகிறவர்களைத் தேடி, மே 22 அன்று பொலன்னறுவைப் புகையிரத நிலையத்தில் ஒரு கும்பல் நின்றது. மறுநாள் இரவு மட்டக்களப்புப் பாதையில் ஏறாவூருக்கு அருகே புகையிரதம் தடம்புரள வைக்கப்பட்டது. பொலன்னறுவைக் கரும்புத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் சிங்களவரும் தாக்கப்பட்டார்கள், உயிரிழந்தார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மே 27 அன்று அவசரகாலநிலை பிரகடனமானது. கிரானுக்கு மேற்கே, காட்டுக்கும் மேய்ச்சல் வெளிக்கும் அப்பால் இருந்த அயல் மாவட்டம் அந்த ஒரு வாரத்தோடு அச்சத்துக்குரிய எல்லையாக மாறியது.

1961இல் வேறொரு காட்சி. பெப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் 27ஆம் திகதி மட்டக்களப்புக்கு வந்தது. மட்டக்களப்புக் கச்சேரி இயங்கியது வாவிக்கரைப் பழைய கோட்டைக்குள். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின் ஆங்கிலேயர் ஆண்ட அதே கோட்டையின் முன்னால் தமிழரோடு முஸ்லிம்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாவட்ட நிர்வாகம் நின்றுபோனது. கோபம் அயலவனை விட்டு அலுவலகத்தை நோக்கித் திரும்பியது. இந்த மாவட்டத்தின் கிளர்ச்சி வரலாற்றில் பெரிய திருப்பம் அதுதான். ஏப்ரல் நடுவில் அவசரகாலச் சட்டம் வந்தது, படையினர் வந்தார்கள், தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். வந்தவர்களை அழைத்தது கட்சி. தலைவர்கள் தடுப்புக்காவலுக்குப் போனதும் கூட்டமும் கலைந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் துரித மகாவலித் திட்டம் வந்தபோது மாதுறு ஓயாப் பள்ளத்தாக்கு அதன் பி வலயத்துக்குள் போனது. 1983 ஜூலைப் படுகொலைகள் முடிந்த கையோடு, திம்புலாகல விகாராதிபதியின் முன்னிலையில் ஆயிரக்கணக்கான சிங்களவர் இந்த வெளிகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மகாவலி அதிகாரிகள் சிலரே அதைத் திட்டமிட்டார்கள் என்பதை அவர்களில் ஒருவரான மாலிங்க ஹேர்மன் குணரத்ன பின்னர் தம் நூலில் வெளிப்படையாக எழுதினார். கல்குடாத் தொகுதி உறுப்பினரும் அமைச்சருமான கே. டபிள்யு. தேவநாயகம் எதிர்த்தார், அரசு அந்தக் குடியேற்றத்தை அகற்றியது. அப்போது வீதிக்கு யாரும் வரவில்லை. அமைச்சரவைக்குள்ளேயே ஒரு குரல் இருந்த காலம் அது.

பிறகு பேசியவை துப்பாக்கிகள். பொலிஸ், விசேட அதிரடிப்படை, இயக்கங்கள், 1987 ஜூலைக்குப் பின் இந்திய அமைதிப்படை. இளைஞன் ஒருவன் சந்தியில் நின்றாலே பிடித்துப்போகும் காலத்தில் ஊர்வலம் போக யாரால் முடியும்? தாய்மாரால்தான் முடிந்தது. வடக்கில் 1984இல் அன்னையர் முன்னணி எழுந்தது, கிழக்கிலும் உருவானது. கிழக்கில் 1986இல் நடந்த ஒன்றை ஆய்வாளர் சித்திரலேகா மௌனகுரு பதிவு செய்திருக்கிறார். விடுதலைப் புலிகள் இன்னொரு தமிழ் ஆயுத இயக்கமான டெலோவினரை அழிக்கத் தொடங்கியபோது, அன்னையர் முன்னணிப் பெண்கள் உலக்கைகளோடு தெருவில் இறங்கித் தடுக்க முயன்றார்கள். நெல்லுக் குத்துகிற உலக்கை. வீட்டில் ஓர் ஆயுதம் என்று தேடினால் பெண் கைக்கு எட்டுவது அதுதான். இந்தச் செய்தி நம் எழுத்துகளில் அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது எனக்குப் பெரிய மனக்குறை. சகோதரக் கொலையின் நடுவே போய் நின்ற கிளர்ச்சி உலக வரலாற்றிலேயே அரிது.

அந்த முன்னணியில் இருந்தவர்தான் பூபதி கணபதிப்பிள்ளை. பிறந்த ஊர் கிரான், ஆண்டு 1932. பத்துப் பிள்ளைகளின் தாய். அவர்களில் இருவரை இலங்கைப் படையினரிடம் இழந்தவர். அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்ட பின், உடனடிப் போர்நிறுத்தம், புலிகளோடு பேச்சு என்ற இரு கோரிக்கைகளுடன் மட்டக்களப்பு அன்னையர் உண்ணாவிரதத்தில் இறங்கினர். முதலில் அமர்ந்த அன்னம்மா டேவிட்டின் நோன்பு தொடர விடப்படவில்லை. அந்த அனுபவத்தால் பூபதி முன்கூட்டியே எழுதி வைத்தார்: இது தம் சொந்த விருப்பம், தமக்கு நினைவு தப்பினாலும் கணவரோ பிள்ளைகளோ வைத்தியசாலையில் சேர்க்கக்கூடாது. 1988 மார்ச் 19 அன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில், குருந்த மரத்தடியில் அமர்ந்தார். நீர் மட்டும் அருந்தினார். ஏப்ரல் 19 அன்று உயிர் பிரிந்தது. நாவலடிக் கடற்கரையில் அடக்கம் நடந்தது.

அந்தக் கடிதத்தை ஓர் அரசியல் ஆவணமாகவே வாசிக்கவேண்டும். 55 வயதுக் குடும்பப் பெண் ஒருவர், தம்மைக் காப்பாற்றும் உரிமையைக் குடும்பத்திடமிருந்தே எடுத்துவிடுகிறார். ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரல் 30 அன்று மே சதுக்கத்தில் கூடிய தாய்மாரையும், 1990இல் தென்னிலங்கை மாத்தறையில் எழுந்த அன்னையர் முன்னணியையும் இதோடு ஒப்பிடுவதுண்டு. அவர்கள் காணாமற்போன தம் பிள்ளைகளைக் கேட்டார்கள். பூபதி கேட்டது இழந்த பிள்ளைகளை அல்ல; மிச்சமிருந்த எல்லோருடைய பிள்ளைகளுக்குமான போர்நிறுத்தம். பின்னாளில் புலிகள் அவரைத் தம் தியாகிகள் வரிசையில் முன்னிறுத்தினார்கள். அந்தச் சித்திரத்துக்குள் உலக்கையோடு வந்த முன்னணிப் பெண்கள் மறைந்துபோனார்கள். இரண்டையும் சேர்த்து எழுதாத வரலாறு பாதி வரலாறு.

2007 ஜூலையில் குடும்பிமலையைப் படையினர் கைப்பற்றியதோடு கிழக்கில் போர் ஓய்ந்தது. காடு திறந்தது, காணிப் பிரச்சினையும் கூடவே திரும்பி வந்தது. மயிலத்தமடு, மாதவனை என்ற மேய்ச்சல் வெளிகள் கிரான், செங்கலடிப் பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள் வருகின்றன. பெரும்போகம் தொடங்கினால் வயலோரத்தில் மாடு நிற்க முடியாது. மாடு பயிரில் வாய் வைத்தால் வழக்கு, சண்டை. அதனால் மாரி தொடங்குமுன் பட்டிகளை மேற்கே சாய்த்துக்கொண்டு போவது இங்குள்ள பண்ணையாளரின் பரம்பரை வழமை. அந்த வெளியை மகாவலி வலயம் என்று சொல்லி அயல் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் உழுதால், மாட்டுக்குப் போக்கிடம் இல்லை. மாடுகள் சுடப்பட்டன, வெட்டப்பட்டன, வாய்வெடியில் தாடை சிதறிச் செத்தன. பட்டியில் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் இந்த மேய்ச்சல் தரையும் ஒன்று.

2023 செப்டெம்பர் 15 அன்று பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். ஒக்டோபர் 8இல் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மட்டக்களப்புக்கு வந்தபோது எதிர்ப்பு செங்கலடிப் பக்கம் வெடித்தது. நவம்பரில் ஆதரவு தெரிவிக்க வந்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள். டிசெம்பரில் நூறாவது நாள் கடந்தது. கட்சிக்காரர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பந்தலில் இரவும் பகலும் முறைவைத்து இருந்தவர்கள் மாட்டுக்காரரும் அவர்களுடைய பெண்களுமே. தலைவரைப் பிடித்தால் கலைந்துபோகும் கூட்டமாக 1961இல் இருந்தது. இங்கே பிடிப்பதற்குத் தலைவரே இல்லை.

தேசிய உரிமைப் போராட்டம் தேய்ந்து புல்லுக்கான போராட்டமாகச் சுருங்கிவிட்டது என்று இதைச் சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கல்லோயாவில் காணி யாருக்கு என்பதும், 1957 ஒப்பந்தத்தில் காணி பெறுவோரைத் தெரிபவர் யார் என்பதும், 1983இல் மாதுறு ஓயாவில் நடந்ததும் எல்லாம் இதே கேள்விதான். மற்றக் கோரிக்கைகளின் நடுவே அப்போது மறைந்து நின்ற அது, மயிலத்தமடுவில் முதன்முறையாகத் தன் சொந்தப் பெயரோடு வீதிக்கு வந்திருக்கிறது. பண்ணையாளர் கேட்பது, அத்துமீறியோரை அகற்றி, அந்த வெளியை மேய்ச்சல் தரை என்று வர்த்தமானியில் பிரகடனம் செய்யவேண்டும் என்பதையே. மாவட்டச் செயலகமும் மகாவலி அதிகார சபையும் ஒரே மேசையில் இருந்து எல்லைக்கல் நாட்டினால் முடிகிற காரியம் அது.