வெப்பநிலைநிறுத்தியும் கொழும்புத் தமிழரும்

அறையின் வெப்பநிலை குறித்த அளவிற் குறைந்ததும் மின்சுற்றை மூடிக் கொதிகலனை இயக்கி, அவ்வளவை எட்டியதும் சுற்றைத் திறந்து அதனை நிறுத்தும் ஆளியே வெப்பநிலைநிறுத்தி. குளிர்நாட்டு இல்லங்களின் சுவரில் காணப்படும் இச்சிறு கருவி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழரின் வரலாற்றோடு இணைந்தவாறு நோக்கத்தக்கது.

இதன் மூலக்கருத்துப் பழைமையானது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒல்லாந்தர் கோர்ணேலிஸ் திரெபெல், தன் வெப்பத்தைத் தானே சீராக்கும் உலையை அமைத்தார். 18ஆம் நூற்றாண்டில் கடிகாரம் செய்த ஜோன் ஹரிசன், வெப்பத்தால் வெவ்வேறளவில் விரியும் இரு உலோகங்களைப் பொருத்தி ஈருலோகக் கீலத்தை ஆக்கினார். அது சூடேறுங்கால் வளையும். அவ்வளைவைக் கொண்டு வெப்பத்தை ஆளும் கருவிக்கு 1830இல் காப்புரிமை பெற்றவர் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் அன்றூ யூர்.

ஆயினும் அறைக்கும் கொதிகலனுக்கும் இடையே மின்கம்பி ஓடியது பின்னரே. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து ஆசிரியரான வொரன் ஜோன்சனின் வகுப்பறைக்குள், வெப்பநிலையைப் பார்ப்பதற்காகப் பணியாளர் அடிக்கடி நுழைவது வழக்கம். அவ்விடையூற்றை நீக்க, கீழ்த்தளத்தில் மணியொலித்துப் பணியாளருக்கு அறிவிக்கும் மின்கருவியை அவர் அமைத்து, 1883இல் காப்புரிமை பெற்றார். 1885இல் அல்பேட் பட்ஸ் ஆக்கிய கருவியோ, அறை குளிர்ந்ததும் உலையின் காற்றுத்தடுப்பைத் தானே திறந்தது. பணியாளரின் கண்ணும் கையும் செய்த தொழிலைக் கம்பியும் கீலமும் ஏற்றன.

சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசான கொழும்புக்கு இத்தேவை எழவில்லை. அங்கு மின்சாரம் 1895இல் கோட்டைப் பகுதியில் ஒளியாகவும், 1899இல் திறாம் வண்டியாகவும் வந்தது. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இல்லங்களில் வெப்பநிலைநிறுத்தி மின்னழுத்தியினுள்ளும் குளிர்சாதனப் பெட்டியினுள்ளும் மறைந்தே வாழ்ந்தது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் இல்லங்கள் எரியூட்டப்பட்டன. அதன்பின் பல்லாயிரவர் பிரித்தானியாவிலும் கனடாவிலும் குடிபுகுந்தனர். முன்னர் மறைந்திருந்த கருவி அங்கே சுவரில் வெளிப்பட்டு நின்றது. தத்துவம் ஒன்றே, மின்னிணைப்பு முறையோ நாட்டுக்கு நாடு வேறு. பிரித்தானிய இல்லங்கள் பலவற்றில் கொழும்பைப் போன்றே 230 வோற்று மின்சாரம் அதனூடு செல்லும். கனடாவின் வாயு உலைகளுக்குரியதில் நிலைமாற்றி தரும் 24 வோற்றே செல்லும். அங்கும் மின்வெப்பமாக்கிகளுக்குரியது 240 வோற்றைத் தாங்கவேண்டும். 24 வோற்றுக்குரிய கருவியை 230 வோற்றுடன் இணைப்பின் கருவி கருகும். உயிருக்கும் தீங்கு நேரலாம். ஆதலின் பழையதை மாற்றுமுன் மின்னைத் துண்டித்தல், வோற்றளவை அறிதல், எக்கம்பி எம்முனையிலிருந்தது எனக் குறித்தல் ஆகியன இன்றியமையாதன. கம்பியின் நிறத்தை மட்டும் நம்புதல் தவறு. பழைய கருவிகள் சிலவற்றின் கண்ணாடிக் குமிழில் பாதரசம் இருத்தலின், அவற்றைக் குப்பையில் எறிதலும் ஆகாது.

பெயர்ந்து சென்ற மக்களோடு விஞ்ஞானத் தத்துவம் மாற்றமின்றிச் சென்றது. தொழில்நுட்ப வழக்கத்தையோ அவர்கள் புதிய மண்ணில் மீளக் கற்கவேண்டியிருந்தது. கொழும்பில் வீட்டு மின்னிணைப்பை நன்கறிந்த ஒருவரும், ரொறன்ரோவின் சுவர்முன் மீண்டும் மாணவராகவே நின்றார். புலம்பெயர்வின் வரலாற்றை எழுதுவோர், இழந்த இல்லங்களோடு இவ்வாறு மீளக் கற்ற கைத்திறன்களையும் பதிவுசெய்தல் வேண்டும்.