நெபுலா கலரெல்லாம் நிஜமா? உங்க போன்லயே எடுத்துப் பார்க்கலாம்!

இன்ஸ்டாவில் பிங்க், நீலம் என்று மின்னும் நெபுலா போட்டோக்களைப் பார்த்து ‘எல்லாம் எடிட்டிங்ப்பா’ என்று ஸ்க்ரோல் செய்பவரா நீங்கள்? பாதி சரி, பாதி தப்பு.

நெபுலா என்பது விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசு மேகம். பக்கத்திலிருக்கும் சூடான நட்சத்திரங்களின் புறஊதா ஒளி பட்டால் ஹைட்ரஜன் சிவப்பாகவும், ஆக்சிஜன் நீலப்பச்சையாகவும் ஒளிரும். ஆக, கலர் நிஜம்தான். ஆனால், மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்க வராது. டெலஸ்கோப்பில் பார்த்தாலும் பெரும்பாலும் சாம்பல் புகைதான் தெரியும். கேமரா அந்த ஒளியை விநாடிக்கணக்கில் சேர்த்துவைப்பதால் நிறம் வருகிறது. ஹப்பிள் 1995-ல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ வேறு கதை. அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என விஞ்ஞானிகளே பிரித்துக் கொடுத்தார்கள்.

முதல் முயற்சிக்கு ஓரியன் நெபுலாதான் பெஸ்ட். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் தெரியும். நம்ம திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் அதே கூட்டம். வரிசையாக மூன்று நட்சத்திரங்களைத் தேடுங்கள். கிழக்கே உதிக்கும்போது அவை கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். வலப்பக்கம் மங்கலாக ஒரு திட்டு தெரிகிறதா? அதேதான்.

ட்ரைபாட் கட்டாயம். ப்ரோ மோடு, ஐ.எஸ்.ஓ 1600, ஃபோகஸ் இன்ஃபினிட்டி, ‘ரா’ ஃபார்மேட். கை பட்டு ஆடாமலிருக்க 3 விநாடி டைமர். எக்ஸ்போஷர்தான் சிக்கல். பூமி சுற்றுவதால் நேரம் கூடினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 500-ஐ லென்ஸின் ஃபோகல் லென்த்தால் வகுங்கள்: 24 மி.மீ மெயின் கேமராவுக்குச் சுமார் 20 விநாடி, 75 மி.மீ டெலிபோட்டோவுக்கு 6 விநாடிதான். இருட்டில் பல போன்கள் டெலிபோட்டோவுக்குப் பதில் மெயின் கேமராவையே க்ராப் செய்து ஏமாற்றும், உஷார்!

ஒரே போட்டோவில் புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் இருக்கும். அதனால் நூறு எடுங்கள். கம்ப்யூட்டரில் ‘சிரில்’ போன்ற இலவச சாஃப்ட்வேர் அவற்றை அடுக்கி ஒன்றாக்கும். நூறு அடுக்கினால் நாய்ஸ் பத்தில் ஒரு பங்காகும். நூறு ஆறு விநாடி என்றால் மொத்தம் பத்தே நிமிடம். 1880-ல் ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை முதன்முதலாகப் படமெடுக்க 51 நிமிடம் காத்திருந்தார்!

அமாவாசையை ஒட்டிய நாள், தெருவிளக்கு இல்லாத இடம் என்று பார்த்துக் கிளம்புங்கள். சென்னை மொட்டைமாடி கஷ்டம். ஜவ்வாது மலைப் பக்கம் என்றால் ஜாலி. ஒன்று மட்டும், அந்த ஆழ்சிவப்பு போனில் வராது. சென்சாருக்கு முன்னாலிருக்கும் ஃபில்டர் ஹைட்ரஜனின் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். வெளிறிய பிங்க்தான் கிடைக்கும், ஆனால் அது நீங்களே எடுத்த பிங்க்.