கடலூர்க் கரையில் இ.சி.எம். பிரிக்கும் தொழில்

அம்பாசடர் ஓடிய காலத்தில் காருக்கு மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர், கட்-அவுட் பெட்டி, சில ஃபியூஸ்கள், அவ்வளவுதான். திருப்பாதிரிப்புலியூரில் என் மாமா நடத்திய பேட்டரிக் கடையில் நான் தொழில் பழகப் போனபோது முதலில் கையில் கொடுக்கப்பட்டது அந்தக் கட்-அவுட் பெட்டிதான். மூடிக்குள் ஒரு செப்புக் காயில், அதன் மேலே ஒரு ஜோடி கான்டாக்ட். டைனமோ வேகமெடுத்து பேட்டரியைவிடக் கூடுதல் வோல்ட் கொடுத்தால் கான்டாக்ட் ஒட்டும், சார்ஜ் ஏறும். வேகம் குறைந்தால் விலகும். விலகாமல் போனால் பேட்டரியின் கரண்ட் திரும்ப ஓடி டைனமோவைக் கருக்கிவிடும். உப்புக்காற்று பட்டுக் கான்டாக்ட் மங்கும். எமரித்தாளை மெல்லிசாகக் கிழித்து இடையில் விட்டு மாமா இழுப்பார். "மூடியத் தொறக்காம பொட்டி போச்சுன்னு வண்டிக்காரங்ககிட்ட சொல்லிடாதடா மாப்ள" என்பார். இன்று சிதம்பரத்தில் என் வீட்டு மேசையில் நடக்கும் வேலையும் அதே வேலைதான். மூடிக்குள் இருப்பதுதான் மாறியிருக்கிறது.

எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிப்பதை 1967-லேயே ஃபோக்ஸ்வாகன் காரில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. நம் ஊர்ச் சிறிய கார்களுக்கு அது வந்தது புகைக் கட்டுப்பாட்டால். டெல்லியின் காற்றைப் பற்றிய வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும், 2000 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த விதியும் கார்புரேட்டரை ஓரங்கட்டின. மாருதி 800-லும் இன்ஜெக்டர் வந்தது. கூடவே அலுமினியப் பெட்டிக்குள் இ.சி.எம். வந்தது, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் மூளை. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்த மெக்கானிக்குகள் அந்தப் பெட்டியைத் தொடத் தயங்கினார்கள்.

தொட்டவர்கள் டி.வி. ரிப்பேர்க்காரர்கள். போர்டில் வெடிப்பு விட்ட ஈயத்தைக் கண்டுபிடிப்பது, உப்பிய கபாசிட்டரை மாற்றுவது, ஐ.சி.யைச் சூடுகாட்டி எடுப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. சிதம்பரத்தில் என் பக்கத்துக் கடை அண்ணன் ஒருவரிடம்தான் நான் சால்டரிங் கற்றேன். அவருக்குக் காரின் ஒயரிங் தெரியாது, எனக்கு போர்டு தெரியாது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் டேட்டாஷீட் வாசிக்கச் சொல்லித் தந்தார்கள். டிரான்சிஸ்டருக்கு ரிச்சி தெரு, கழித்துப்போட்ட பழைய இ.சி.எம்.முக்குப் புதுப்பேட்டை என்று மாதாமாதம் சென்னைக்குப் பஸ் ஏறினோம்.

இந்த மாவட்டத்தில் எங்களுக்கு வேலை கொடுத்தது தண்ணீர். 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். கடலூர்க்காரர்களுக்கு இந்த வருடங்களை நினைவுபடுத்த வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்ததும் போர்டு செத்துவிடுவதில்லை. பேட்டரி இணைப்பில் இருக்கும்போது, ஈரத்தில் கரைந்த உப்பு வழியாகக் கரண்ட் கசிகிறது. அந்தக் கசிவுதான் செப்புத் தடத்தை அரித்துப் பச்சையாக்குகிறது. ஆகவே பெட்டியைக் கழற்றி, மூடியை நெம்பி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, லென்ஸ் வைத்து ஒவ்வொரு தடமாகப் பார்க்க வேண்டும். அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பிப் பாலம். அதன்பிறகு கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளையில் 12 வோல்ட் கொடுத்து, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி அதை ஓட்டும் டிரான்சிஸ்டர் எரிந்திருந்தால், காயிலை மாற்றாமல் போர்டை மட்டும் சரிசெய்வது வீண். புது டிரான்சிஸ்டரும் எரியும்.

எல்லாப் பெட்டியையும் வீட்டில் திறக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏர்பேக் பெட்டியைத் தொடவே மாட்டேன், அது உயிர் சம்பந்தப்பட்டது. ஜெல் ஊற்றி மூடிய, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் பிணைத்த பீங்கான் போர்டுகளுக்குச் சாதாரண சால்டரிங் அயர்ன் உதவாது.

ஆனால் மின்சுற்று வரைபடம் கிடைக்காததால் நின்றுபோகும் வேலைகளைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து இணையதளமும் திறந்தது. எங்கள் மேசைக்குத் தேவையானது ஒவ்வொரு மாடலுக்குமான மின்சுற்று வரைபடம். அதை நியாயமான விலைக்குத் தரச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

அதுவரை கார் வைத்திருப்பவர்கள் சிலவற்றைச் செய்யலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். இ.சி.எம். போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஃபியூஸ், கப்ளர், பாடி எர்த் மூன்றையும் உங்கள் கண்முன்னே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பல வண்டிகளில் பழுது பெட்டியில் இருப்பதில்லை, துருப்பிடித்த எர்த் ஒயரில்தான் இருக்கிறது.