தங்கம் தளபதிக்கு, ஈயம் சிப்பாய்க்கு

அமெரிக்க ராணுவத்தில் 'சேலஞ்ச் காயின்' என்று ஒரு வழக்கம் உண்டு. தளபதி ஒருவர் வீரனைப் பாராட்டும்போது கை குலுக்குவார். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையில் ஒரு நாணயம் இருக்கும்! அதில் படைப்பிரிவின் சின்னமும், கொடுத்தவர் ஜெனரல் என்றால் அவருடைய நட்சத்திரங்களும் இருக்கும். கடையில் செல்லாது. ஆனால் சேகரிப்பவர்கள் இதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இது நமக்குப் புதிதா என்றால், இல்லை. அரசன் வீரனுக்குத் தரும் சிறப்பைத் தொல்காப்பியம் 'மாராயம்' என்கிறது. 'ஏனாதி' பட்டம் பெற்ற படைத்தலைவனுக்கு அரசன் மோதிரம் அணிவித்தான். வணிகனுக்கு 'எட்டி' பட்டமும் பொற்பூவும் கிடைத்தன (காமர்ஸ் மாணவனான எனக்கு இதில் தனி மகிழ்ச்சி!).

சரி, கம்பெனி காலத்துக்கு வருவோம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். அந்தப் போரில் கலந்துகொண்டவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலையில் தயாரானது. ஒரு பக்கம் கோட்டையைத் தாக்கும் காட்சி. மறுபக்கம் புலியை அடக்கும் சிங்கம். புலி யார், சிங்கம் யார் என்று சொல்லத் தேவையில்லை! 1808-ல் இது வழங்கப்பட்டது.

விஷயம் என்னவென்றால், எல்லோருக்கும் ஒரே படம், ஆனால் ஒரே உலோகம் இல்லை. பெரிய தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த நிலை அதிகாரிகளுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி. கேப்டன் முதலானவர்களுக்கு வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். சாதாரண சிப்பாய்க்கு வெள்ளீயம்! மதராஸ் படையின் சிப்பாய்களும் அந்தப் போரில் இருந்தார்கள். கோட்டைச் சுவரில் ஏறும்போது குண்டு பதவி பார்த்துப் பாய்வதில்லை. பதக்கம் மட்டும் பார்த்தது.

தங்கம் கிடைத்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா? மதுரைக்காரர்களுக்கு இதற்கு விடை தெரியும். மருதநாயகம் என்கிற கான் சாகிப் யூசுப்கான், 1752 முதல் 1754 வரை நடந்த திருச்சிப் போரில் கம்பெனிக்காக உழைத்தவர். சிப்பாய்களின் கமாண்டன்ட் ஆனார். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. பிறகு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்தார். ஆற்காடு நவாபுக்கும் அவருக்கும் பகை முற்றியபோது கம்பெனி நவாப் பக்கம் நின்றது. 1763-ல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள், முடியவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வந்தார்கள். கடைசியில் சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற நம்மில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்?

பணத்தைப் பற்றிப் படிக்கும்போது முதலில் சொல்லித் தருவது இதுதான்: ரூபாய் நோட்டின் மதிப்பு காகிதத்தில் இல்லை, அதை வெளியிடுபவரின் வாக்குறுதியில் இருக்கிறது. பதக்கமும் அப்படித்தான். யூசுப்கானின் பதக்கத்தில் தங்கம் சுத்தமாக இருந்திருக்கலாம், கொடுத்தவரின் வாக்கு சுத்தமாக இல்லை.

இதற்கு நேர் எதிர் பரம வீர சக்கரம். 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்ட நம் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருது. அது வெறும் வெண்கலம்! சிப்பாயோ மேஜரோ, எல்லோருக்கும் அதே வெண்கலம்தான். ஒரு நாடே அதன் பின்னால் நிற்பதால் தங்கம் தேவைப்படவில்லை.

பழைய பதக்கங்களைச் சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தையில் தங்கப் பதக்கத்துக்குத்தான் விலை அதிகம். ஆனால் கறுத்துப்போன ஒரு வெள்ளீயப் பதக்கம் கையில் கிடைத்தால் அலட்சியமாக ஒதுக்கிவிடாதீர்கள். அதை வாங்கியவன் பெயர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இருக்காது. அவனுக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஈயம் ஒன்றுதான்.